நான்கு நாள் விடுப்பு: பாலாற்றங்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைக்கு

கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள், கடலோரச் சாலையில் சில நாள் என்று கணவனும் மனைவியுமாகப் போய்வரும் விடுமுறை பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. கலிபோர்னியாவில் 1955-இல் தொடங்கிய டிஸ்னிலேண்டைப் பார்த்துவிட்டு, பசிபிக் கடலை ஒட்டிய ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போவது இதில் பெயர்பெற்ற பயணம். தமிழ்நாட்டில் இதற்கு ஈடான தடம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலை. பூங்காக்கள், பல்லவர் சிற்பங்கள், உப்பங்கழிகள், பழைய கோட்டைகள் எல்லாம் இதன் ஓரத்திலேயே வரிசையாக அமைந்திருக்கின்றன. வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் இதன் வட பகுதியை எட்டிவிடலாம்.

விடுப்புக் கணக்கு

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தையல், ஒட்டு, பேக்கிங் பிரிவுகளில் பெண்களே பெரும்பாலோர். கணவன் தோல் ஷாப்பிலும் மனைவி ஷூ கம்பெனியிலுமாக வேலைக்குப் போகும் வீடுகள் ஏராளம். இவர்களுக்குப் பணத்தைவிடச் சிக்கலானது, இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த கணக்கு. அதன்படி மூன்று நாள் விடுப்புக்குப் பின்னால் 60 நாள் உழைப்பு இருக்கிறது. அப்படிச் சேர்த்த நாட்கள் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்பதால்தான் பயணத்தின் வரிசையை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது முக்கியமாகிறது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் விடுப்பு எடுத்து ஞாயிற்றைச் சேர்த்துக்கொண்டால் நான்கு நாள் கிடைக்கும். இந்த அமைப்பில் வேறு இரண்டு வசதிகளும் உண்டு. பூங்காவுக்கு வார நாளில் போவதால் கூட்டம் குறைவாக இருக்கும். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாயும் முதலைப் பண்ணைக்குத் திங்களும் விடுமுறை. இந்தப் பயணம் அந்த இரு நாட்களையும் தொடுவதில்லை.

முதல் நாள்: பூங்கா

உடம்பில் தெம்பும் மனதில் ஆவலும் நிறைந்திருக்கும் முதல் நாளே பூங்காவுக்கு உகந்தது. கடைசி நாளுக்கு ஒதுக்கினால், வெயிலில் நின்று, வரிசையில் காத்து, இரவில் நெடுந்தூரம் வண்டி ஓட்டும்படி ஆகிவிடும்.

சென்னையைச் சுற்றிப் பல தலைமுறைப் பூங்காக்கள் உள்ளன. ஈஞ்சம்பாக்கத்தின் வி.ஜி.பி. பூங்கா மூத்த தலைமுறைக்குத் தெரிந்த இடம். அசையாமல், சிரிக்காமல் நிற்கும் ‘சிலை மனிதர்’ அங்கே பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளை வியக்க வைத்தார். அதே நிறுவனத்தின் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடக்கலாம். தலைக்கு மேலே மீன்கள் நீந்தும். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு உள்ளது. தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவை 1990-களில் உருவாக்கியவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ அவருடைய தயாரிப்பு. வேலூர்க்காரர்களுக்கு வழியிலேயே அமைந்திருப்பது குயின்ஸ்லேண்ட்: பெங்களூர் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில்.

புதிய வரவு திருப்போரூர் அருகே இள்ளலூரில் உள்ள வொண்டர்லா. 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா 64 ஏக்கரில் நாற்பதுக்கும் மேற்பட்ட சவாரிகளைக் கொண்டது. ஆம்பூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை நெடுஞ்சாலையில் வந்து, காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு வழியாகத் திருப்போரூரை அடைந்தால் சென்னை நெரிசலுக்குள் போகவே வேண்டாம். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வழியில் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு பூங்கா திறக்கும் வேளைக்குச் சேர்ந்துவிடலாம்.

இங்கே பெயர்பெற்றது ‘தஞ்சோரா’ என்னும் ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம் வடிவமைத்தது. வழக்கமான ரோலர் கோஸ்டரில் வண்டி தண்டவாளத்தின் மேலே ஓடும். இதில் இருக்கைகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், கால்கள் அந்தரத்தில் இருக்கும். இதன் இயக்கம் எளிமையானது. வண்டியை முதலில் உயரத்துக்கு இழுத்துச் சென்று விட்டுவிடுவார்கள். அதன்பின் அதை ஓட்டுவது பூமியின் ஈர்ப்புதான். மேட்டிலிருந்து விழும்போது சேரும் வேகம் அடுத்த மேட்டை ஏறவும் வளையத்தைச் சுற்றவும் போதுமானதாக இருக்கும். பள்ளத்தின் அடியில் திரும்பும் ஒரு நொடியில் உடலின் எடை சில மடங்கு கூடியதுபோல் அழுத்தும். முதுகு, கழுத்து வலி உள்ளவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்ற பெண்கள் இத்தகைய சவாரிகளில் ஏறக் கூடாது என்பதன் காரணம் இந்த அழுத்தமே. நாள் முழுதும் தையல் மெஷினில் குனிந்தோ தோல் மூட்டை தூக்கியோ வேலை செய்கிறவர்கள் இந்த அறிவிப்பைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பல பூங்காக்களில் தண்ணீர் விளையாட்டுகள் நண்பகலை ஒட்டியே தொடங்கும். அதனால் காலையில் பெரிய சவாரிகளை முடித்து, வெயில் ஏறியதும் தண்ணீருக்குப் போவது நல்ல வரிசை. உடை விஷயத்தில் பலரும் வாசலில் திண்டாடுவதுண்டு. பருத்தித் துணியின் நூல் பிரிந்து தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டிகளை அடைத்துவிடும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சறுக்குகளில் மாட்டிக்கொள்ளும். நைலான் அல்லது பாலியெஸ்டர் உடை வேண்டும். உடலை முழுதும் மூடும் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகள் இப்போது ஊர்க்கடைகளிலும் கிடைக்கின்றன. முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் பூங்காவில் அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. வெளி உணவைப் பெரும்பாலான பூங்காக்கள் அனுமதிப்பதில்லை என்பதால் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தை வழியிலேயே காலி செய்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள்: முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை

திருப்போரூரிலோ கோவளத்திலோ இரவு தங்கியவர்களுக்கு மறுநாள் அவசரமே இல்லை. முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை உள்ளது. அருகே 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தூண்களையும் நெசவாளர் வீட்டுத் தறியையும் உள்ளே போய்ப் பார்க்கலாம். கோவளம் கடற்கரை 2021-இல் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று பெற்றது. அலைச்சறுக்குக்கும் பெயர்பெற்ற மீனவ ஊர். வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை, முதலைகளைப் பெருக்கிக் காக்கும் ஆய்வு நிலையமும்கூட.

மதிய வெயில் தணிந்தபின் மாமல்லபுரம். 1984-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்த இவ்விடத்தை இரண்டு மணி நேரத்தில் ஓடிப் பார்ப்பது அதற்குச் செய்யும் அநீதி. ஐந்து ரதங்கள் ஏழாம் நூற்றாண்டில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியவை. சிகரம் முடிந்து அடிப்பகுதி கரடாக நிற்கும் இடங்களில் வேலை எந்த வரிசையில் நடந்தது என்பது கண்ணுக்கே தெரியும். அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பாறைச் சிற்பத்தில் எல்லோரும் யானைகளைப் பார்ப்பார்கள். யானைத் தந்தத்தின் அருகே ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேலே உயர்த்தித் தவம் செய்வதும், அதன் காலடியில் எலிகள் கூடியிருப்பதும் கொஞ்சம் நின்று தேடினால் கிடைக்கும். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானும் அங்கே உண்டு. கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் காலத்தில் எழுந்தது. கோயிலை அடுத்த கடலில் குளிப்பது ஆபத்தானது. அலை பின்வாங்கும்போது உள்ளே இழுக்கும் நீரோட்டம் அங்கு வலுவானது.

மூன்றாம் நாள்: பாலாறு முடியும் இடம் வழியாகப் புதுச்சேரி

மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 95 கிலோமீட்டர். முதலில் வருவது சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் துணி வணிகத்துக்காகக் கட்டிய செங்கல் கோட்டையும், செதுக்கு வேலைப்பாடுள்ள அவர்களுடைய கல்லறைகளும் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

கல்பாக்கம் தாண்டியதும் சாலை பாலாற்றைக் கடக்கிறது. நந்தி மலைப் பகுதியில் தோன்றி, 348 கிலோமீட்டர் கடந்து, வாயலூர் அருகே கடலில் கலக்கும் ஆறு இது. அந்த நீளத்தில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை எல்லாம் இதன் கரையில் வளர்ந்தவை. தோல் பதனிடத் தண்ணீர் கொடுத்ததும் இந்த ஆறு, கழிவை ஏற்றுச் சீரழிந்ததும் இந்த ஆறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக நிலைநாட்டியது. ஆம்பூர்த் தம்பதி பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தி இந்த அகன்ற மணற்பரப்பைப் பார்ப்பது நல்லது. வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஆறு எங்கே போய் முடிகிறது என்பதை நேரில் கண்டவர்களுக்கு, அதில் எதைக் கலக்கிறோம் என்ற கேள்வி தொலைதூரச் செய்தியாக இருக்காது.

அடுத்து முதலியார்குப்பம் படகுத்துறை. பின்பு கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த இந்தத் துறைமுகக் கோட்டை 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். எஞ்சிய செங்கல் மதில்கள் உப்பங்கழியைப் பார்த்தபடி நிற்கின்றன. மரக்காணத்தில் வெயில் காலத்தில் சாலையோரம் உப்புக் குவியல்கள் வெள்ளையாகத் தெரியும்.

புதுச்சேரியில் மாலைப் பொழுதே இதமானது. கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகள் போக முடியாது என்பதால் கைகோத்து நடக்க இடமுண்டு. அரிப்பால் மணலை இழந்திருந்த இந்தக் கரையில், தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தபின் மணல் திரும்பச் சேர்ந்தது. 1968-இல் தொடங்கிய ஆரோவில்லையும் பார்க்க விரும்புவோர் மாத்ரிமந்திரின் உள்ளே செல்ல முன்பதிவு வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பது எளிது.

நான்காம் நாள்: செஞ்சி வழியாக வீடு

வந்த வழியே திரும்பாமல் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் வழியாக வேலூர் சேர்வது ஒரு முழு வட்டமாக அமையும். புதுச்சேரி காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. அவற்றின் ஊரை இந்த வழியில் பார்க்கலாம். மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டை, மராத்தியர் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக 2025 ஜூலையில் உலக மரபுச் சின்னமானது. ராஜகிரி ஏறுவதென்றால் காலையிலேயே அங்கே இருக்க வேண்டும். ஏற முடியாதவர்கள் அடிவாரத்துக் கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு, திருவண்ணாமலையில் தரிசனமும் சாப்பாடும் முடித்துக்கொள்ளலாம்.

பருவம், செலவு, பாதுகாப்பு

போனஸ் கையில் வரும் தீபாவளிக் காலம் கடலோரத்துக்கு ஏற்றதன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயல்கள் இந்தக் கரையைத்தான் தாக்கின. போனஸில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, பொங்கல் கூட்டம் ஓய்ந்தபின் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை போவது சிறந்தது. பள்ளி விடுமுறை மாதங்களில் பூங்காக்களில் வரிசை நீளும்.

பயணச் செலவில் பெரிய உருப்படி பூங்காதான். பெரிய பூங்காக்களில் ஒருவருக்கான கட்டணம் 1,000 ரூபாயைத் தாண்டும். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறைச் சின்னங்களுக்கு இந்தியர்களுக்குக் கட்டணம் 40 ரூபாய். ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பூங்காவைச் சிறியதாகத் தேர்ந்தெடுத்தால் போதும். மற்ற நாட்கள் கையைக் கடிக்காது. சொந்த வண்டி இல்லாதவர்களுக்குக் கடற்கரைச் சாலை நெடுகப் பேருந்து வசதி உண்டு.

முழு வட்டமும் சுமார் 550 முதல் 600 கிலோமீட்டர். பைக்கில் போகிறவர்கள் இருவரும் ஹெல்மெட் அணிவதும், இருட்டியபின் கடற்கரைச் சாலையில் ஓட்டாமல் இருப்பதும் கட்டாயம். வேகத்தாலும் குறுக்கே வரும் கால்நடைகளாலும் அங்கே விபத்துகள் நேர்கின்றன. கடலில் நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகியபின் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் கணுக்கால் அளவுத் தண்ணீரோடு நின்றுகொள்வதே முறை. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் திருவண்ணாமலையை விட்டுக் கிளம்பினால் ஏழு மணிக்குள் ஆம்பூர் சேர்ந்து, திங்கள் காலை வேலைக்கு அலுப்பில்லாமல் போகலாம்.