கூர்முனை ஆயுதங்களும் இந்திய ஆயுதச் சட்டமும்

இந்தியாவில் வாள், ஈட்டி, குத்துவாள் முதலிய கூர்முனை ஆயுதங்களைப் பொதுமக்கள் வைத்திருப்பதை நெறிப்படுத்துவது 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆகும். இது 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். கத்திக்கு உரிமம் வேண்டுமா என்பதற்கு விடை அவ்வளவு எளிதன்று.

வரலாறு

தமிழகத்தில் இத்தகைய கட்டுப்பாடு புதியதன்று. 1801 இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பின்னர், பாளையங்களின் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதை ஆங்கிலேயர் தடைசெய்தனர். வளரி வழக்கொழிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். வளரி எறியும் முறையைச் சின்ன மருதுவிடமே கற்றதாகக் கர்னல் வெல்சு தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார்.

அளவும் நோக்கமும்

2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் முதல் அட்டவணையின் ஐந்தாம் வகை இவ்வாயுதங்களைப் பற்றியது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருப்பின் அது இவ்வகையுள் அடங்கும். வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, அறிவியல், தொழில்துறை ஆகியவற்றுக்கென வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. எனவே இளநீர் வெட்டும் அரிவாள் எவ்வளவு நீளமாயினும் ஆயுதமாகாது. மேலும், சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி, அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் மட்டுமே கூர்முனை ஆயுதங்களுக்கு உரிமம் தேவை. தில்லியில் 1980 இல் இத்தகைய அறிவிக்கை ஒன்று வெளியிடப்பட்டது. சீக்கியர் கிர்பான் அணியும் உரிமையை அரசியலமைப்பின் 25 ஆம் உறுப்பு ஏற்கிறது.

வடசென்னை

விம்கோ தீப்பெட்டி நிறுவனத்தால் பெயர்பெற்ற விம்கோ நகர் முதல் எண்ணூர், காசிமேடு வரையிலான பகுதியில் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் மிகுதி. மீன் வெட்டும் கத்தி இங்கு அன்றாடக் கருவி. அட்டவணையின் விலக்குகளில் மீன்பிடித்தல் தனியே பெயரிடப்படவில்லை. அதனைத் தொழில்துறை என்பதனுள் அடக்கிப் பொருள்கொள்வதே முறையாகும்.

எனினும் அதே கத்தியால் ஒருவரைக் காயப்படுத்தினால் நிலை மாறுகிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 118 ஆம் பிரிவு, வெட்டும் கருவி எதையும் அபாயகரமான ஆயுதமாகவே கொள்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தில் கொலைக்கருவியுடன் இருப்பதே 189 ஆம் பிரிவின்படி குற்றமாகும். அதனைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதில்லை.

2021 செப்டம்பரில், அப்போதைய தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு, கத்தி, அரிவாள் செய்யும் பட்டறையினர் வாங்குவோரின் பெயர், முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே விற்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். வாங்குபவரின் நோக்கத்தை அறியும் பொறுப்பு இதனால் கொல்லரையும் சென்றடைந்தது.