கடை அடுப்படியும் கேஸ் தோம்பும்

மலாக்காத் தோட்டங்களில் ஒரு காலத்தில் சமையல் என்றாலே ரப்பர் விறகுதான். மறுநடவுக்காகச் சாய்த்த மரம் லயத்துக் கொல்லையில் அடுக்காகக் கிடக்கும். கண் எரியும், இருமல் வரும். நுரையீரலுக்கு அது நல்லதே அல்ல. ஆனாலும் ஏதாவது கோளாறென்றால் புகை முன்னால் வந்து சொல்லிவிடும். ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டங்களை விட்டுப் பட்டணம் வந்து சாப்பாட்டுக் கடை வைத்தவர்கள் இன்று கேஸில் சமைக்கிறார்கள். அடுப்பு மாறிவிட்டது, பழக்கம் பல இடங்களில் மாறவில்லை.

தரையோடு படரும் வாயு

தோம்புக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் அழுத்தத்தில் திரவமான கலவை. அதற்கென்று வாடை கிடையாது. கசிவு தெரிய வேண்டுமென்றே மெர்கேப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் கசிந்த வாயு தரையோடு படர்ந்து மேசைக்கடியிலும் வடிகாலிலும் தங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே ஒரு பொறி போதும். கடைவீட்டுப் பின்கட்டில் இருக்கும் ஒற்றை ஜன்னலையும் எலிக்குப் பயந்து அடைத்துவிடுகிறோம். அடுப்புக்கு மேலே ஓடும் விசிறியை நம்பிப் பயனில்லை.

முதலில் சந்தேகிக்க வேண்டியவை ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும். வீட்டு அடுப்புக்கான ரெகுலேட்டர் வேறு, கடையில் உறுமும் ஹைபிரஷர் அடுப்புக்கானது வேறு, மாற்றிப் போடக்கூடாது. எண்ணெய் தெறித்து இறுகி வெடிப்புவிட்ட குழாயை டேப் சுற்றி ஓட்டுவது வெறும் கஞ்சத்தனம். சோப்பு நுரை தடவினால் கசிகிற இடம் கொப்பளித்துக் காட்டும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்! கடைசிச் சொட்டுக்காகத் தோம்பைச் சாய்ப்பதும் அதே ரகம்தான். சாய்த்தால் திரவமே குழாய்க்குள் இறங்கித் தீ சீறும். பல தோம்புகளைச் சேர்த்துக் குழாய் இழுக்கும் வேலை 1993ஆம் ஆண்டு எரிவாயு விநியோகச் சட்டத்துக்கு உட்பட்டது. தெரிந்த பையன் செய்துதரும் வேலையல்ல.

செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகம் போன்ற திருவிழாக்களில் அன்னதானம் சமைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மழைக்காகக் கூடாரத்தை நாலாபுறமும் தார்ப்பாயால் மூடிவிட்டு உள்ளே அடுப்பெரிக்காதீர்கள்.

வாடை வந்தால்

2023 ஜூன் 21 அன்று, சீனாவின் யின்சுவான் நகரில் ஓர் இறைச்சி வாட்டும் உணவகம். கேஸ் வாடையை ஊழியர்கள் முன்னதாகவே உணர்ந்திருந்தார்கள். கடையைக் காலி செய்யவில்லை. பழுதான வால்வை மாற்றப் பார்த்தார்கள். வெடித்ததில் 31 பேர் இறந்தார்கள்.

வாடை வந்தால் தோம்பின் வால்வை மூடுங்கள். எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். எரிகிற விளக்கை அணைத்தாலும் பொறி பிறக்கும். கதவுகளைத் திறந்துவிட்டு, சாப்பிடுகிறவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, தள்ளி நின்று 999க்கு அழையுங்கள். பாதிச் சாப்பாட்டில் ஆளை எழுப்புவது நம்மவர்களுக்குப் பெரும் பாவம்தான். அன்றைக்கு அதைப் பார்க்கக்கூடாது.

தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வீங்குமுன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பற்பசை, கிச்சாப் எதுவும் பூச வேண்டாம்.

நெடியே இல்லாத நஞ்சு

கசிவுக்காவது வாடை உண்டு. காற்றோட்டம் குறைந்து, கேஸ் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாவதும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதும் எச்சரிக்கை. உள்ளேயே கரி போட்டு எரிக்கும் தந்தூரி அடுப்பு இன்னும் மோசம்.

மதியக் கூட்டத்தின்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பின்வாசலில் சற்று நின்றால் தெளிவு. இதை வெக்கை என்றும் அசதி என்றும் சொல்லி, பனடோல் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஆபத்து கூடுதல். ஒரே அடுப்படியில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இந்த நஞ்சைப் பிரித்தறியாது, அளவு சரியாக இருப்பதாகவே காட்டும். இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அதனால் எங்கே, எந்த அடுப்பில் வேலை செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.