ஸ்கின் வாங்குவது முதலீடாகுமா?

இணையவழி ஆடப்படும் வீடியோ விளையாட்டுகளில், ஆடுபவரின் துப்பாக்கிக்கோ உடைக்கோ வேறொரு நிறத்தையும் வேலைப்பாட்டையும் கொடுக்கும் அலங்காரப் பொருள் ‘ஸ்கின்’ எனப்படுகிறது. அது குறியைக் கூர்மையாக்குவதில்லை. எதிரியின் தாக்குதலைத் தடுப்பதுமில்லை. வெற்றி தோல்வியில் எந்தப் பங்கும் இல்லாத இப்பொருளை இன்று வாங்கி வைத்தால் சில ஆண்டுகளில் பன்மடங்கு விலைக்கு விற்கலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசியும், கனடாவிலோ இங்கிலாந்திலோ உறவினரும் உள்ள, இலங்கையின் வடமராட்சியைச் சேர்ந்த கரவெட்டி போன்ற ஊருக்கும் அது எட்டாத தொலைவில் இல்லை.

இந்தச் சந்தையின் மையம் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘கவுண்டர் ஸ்டிரைக்’ என்னும் துப்பாக்கி விளையாட்டாகும். 2013 ஆகஸ்டில் அந்நிறுவனம் ஸ்கின்களையும், அவற்றை உள்ளடக்கிய பூட்டிய பெட்டிகளையும் விளையாட்டில் சேர்த்தது. பெட்டியைத் திறக்க 2.49 டொலருக்கு ஒரு திறப்பை வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பின்னரே தெரியவரும். சீனச் சட்டத்தின் தேவைக்காக 2017இல் வெளியிடப்பட்ட நிகழ்தகவுகளின்படி, ஆயிரம் பெட்டிகளைத் திறப்பவருக்கு அவற்றில் ஏறத்தாழ 800 பெட்டிகளில் மிகத் தாழ்ந்த தரத்துப் பொருளே கிடைக்கும். எல்லோரும் விரும்பும் கத்தியோ கையுறையோ இரண்டு அல்லது மூன்று பெட்டிகளில் மட்டுமே இருக்கும். ஒரு டொலரை 300 ரூபா என்று கொண்டால், அந்த ஆயிரம் பெட்டிகளின் திறப்புகளுக்கு மட்டும் 7 இலட்சத்து 47 ஆயிரம் ரூபா செலவாகும். இம்முறை லொத்தர் சீட்டுக்கு மிக நெருங்கியது என்பதில் ஐயமில்லை. பெல்ஜியம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்ததும் இக்காரணத்தாலேயே.

முதலீடு என்று பேசுவோர் பெரும்பாலும் பெட்டிகளைத் திறப்பதில்லை; பிறர் திறந்தெடுத்த அரிய பொருள்களை விலைக்கு வாங்கிச் சேர்க்கிறார்கள். விலையை நிர்ணயிக்கும் நுட்பங்கள் அவர்களுக்கு அத்துபடி. ஒவ்வொரு ஸ்கினுக்கும் அது உருவாகும் கணத்தில் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஓர் எண் நிரந்தரமாக ஒதுக்கப்படுகிறது. அந்த எண் 0.07க்குக் குறைவாக இருப்பின் பொருள் கீறலற்றுப் பளபளப்பாகத் தோன்றும், 0.45ஐத் தாண்டினால் வண்ணம் உரிந்து தேய்ந்து தெரியும். ஒரே துப்பாக்கியின் ஒரே வேலைப்பாடு இந்த எண்ணின் வேறுபாட்டால் மட்டும் பல மடங்கு விலை மாறக்கூடும். போலந்தின் கட்டோவிச்சே நகரில் 2014இல் நடந்த இவ்விளையாட்டின் போட்டிக்காக வெளியிடப்பட்ட, துப்பாக்கியின் மேல் பதிக்கும் ஒட்டுப்படங்களிற் சில, மீண்டும் விற்பனைக்கு வராமையால் ஆயிரக்கணக்கான டொலருக்குக் கைமாறுகின்றன.

அருமையே விலையாகிறது என்பது எந்தச் சந்தைக்கும் பொருந்தும் உண்மைதான். ஆனால் இங்கே அந்த அருமையை ஆக்குவதும் அழிப்பதும் ஒரேயொரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 22ஆம் திகதி வால்வ் நிறுவனம் வெளியிட்ட சிறு மாற்றம் ஒன்று, கத்திகளுக்கு அடுத்த நிலையிலுள்ள சிவப்புத் தரத்து ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியையோ கையுறையையோ பெற வழிசெய்தது. அதுவரை மிக அரியவையாக இருந்த கத்திகளின் விலை சரிந்தது. சிவப்பு ஸ்கின்களின் விலை ஒரே இரவில் ஏறியது. விலைகளைக் கண்காணிப்போரின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 600 கோடி டொலர் பெறுமதியான சந்தை இரண்டு நாட்களுக்குள் தன் மதிப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. இழந்தவர்கள் முறையிடுவதற்கு இடமில்லை. பயனர் ஒப்பந்தத்தின்படி அப்பொருள்கள் அவர்களுடைய உடைமையல்ல, பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமே.

இந்தியத் தமிழர்கள் இந்த அபாயத்தின் இன்னொரு முகத்தைக் கண்டிருக்கிறார்கள். 2020 செப்டெம்பரில் இந்திய அரசு தடைசெய்த 118 செயலிகளுள் ‘பப்ஜி மொபைல்’ ஒன்றாக இருந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதியோடு அதன் சேவை அங்கு முழுமையாக நின்றது. அடுத்த ஆண்டு வந்த புதிய பதிப்புக்குப் பழைய பொருள்களை மாற்றிக்கொள்ள இடமளிக்கப்பட்டதும் நிறுவனத்தின் விருப்பத்தாலேயன்றி ஆடுபவரின் உரிமையாலன்று. 2022 பெப்ரவரியில் ‘ஃப்ரீ ஃபயர்’ விளையாட்டும் அங்கு தடைக்குள்ளானது. இத்தகைய கைத்தொலைபேசி விளையாட்டுகளில் தனிப் பொருளை விற்க வழியில்லாமையால் சிலர் கணக்கையே விற்கிறார்கள். விதிகளுக்கு முரணான இவ்விற்பனையில், பணத்தைப் பெற்றவரே பழைய மின்னஞ்சலைக் காட்டிக் கணக்கை மீட்டுக்கொண்டால் வாங்கியவருக்கு எதுவும் மிஞ்சாது.

விலை ஏறினாலும் பணம் ஊருக்கு வந்து சேருமா என்பது தனிக் கேள்வி. வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம்’ சந்தையில் வாங்குபவர் 115 டொலர் கொடுத்தால் விற்பவருக்கு 100 டொலரே கிடைக்கும். அதுவும் அந்தத் தளத்திலேயே செலவிட வேண்டிய இருப்பு, வங்கிக்கு மாற்ற முடியாதது. காசாகப் பெற விரும்புவோர் நிறுவனத்தின் பொறுப்புக்கு வெளியே உள்ள தளங்களை நாட வேண்டும். அங்கே ஏமாற்று மலிந்திருக்கிறது. அவற்றுட் சில கிரிப்டோ நாணயத்தில் பணம் தருகின்றன. அந்நாணயத்தைப் பற்றி இலங்கை மத்திய வங்கி மீண்டும் மீண்டும் எச்சரித்திருப்பதோடு, அதன் கொடுக்கல் வாங்கலுக்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்தவும் அனுமதிக்கவில்லை. அவசரத்துக்கு ஒரு சங்கிலியை நெல்லியடியில் அடைவு வைத்து அன்றே காசோடு வீடு திரும்பலாம். பத்து இலட்சம் ரூபா பெறுமதி என்று திரையில் காட்டும் கத்தியை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது.

அழகுக்காக, தாங்கக்கூடிய தொகைக்கு ஒரு ஸ்கினை வாங்கி மகிழ்வதில் தவறில்லை. சேமிப்பை அதில் இடுவதுதான் தவறு. வடமராட்சிப் பாடசாலைகளில் வணிகக் கல்வியும் கணக்கீடும் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஆயிரம் பெட்டிகளின் கணக்கையும் 115 டொலர் 100 ஆகும் கணக்கையும் ஒரு பாடவேளையில் மாணவர்களைக் கொண்டே செய்வித்துப் பார்க்க வேண்டும்; வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவினரும், அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை அனுப்புமுன் ஒருமுறை விசாரிக்க வேண்டும்.