சித்திரப் பரீட்சையின் நியாயம்

கணக்கில் 50-க்கு 38 வாங்கிய பிள்ளை விடைத்தாளை நீட்டி, மீதிப் பன்னிரண்டும் எங்கே போயின என்று கேட்டால், உபாத்தியாயர் விரலை வைத்து, இந்த வரியில் இரண்டு, அந்தப் படியில் மூன்று என்று காட்டிவிடுவார். அதே பிள்ளை சித்திரத்தில் வாங்கிய 38-ஐப் பற்றிக் கேட்டால், "பார்த்தாலே தெரியவில்லையா?" என்பதற்கு மேல் அநேகமாக ஒன்றும் கிடைப்பதில்லை. பத்து நாள் கழித்து, பெயரை மறைத்து, அந்தத் தாளை அவரிடமே மறுபடியும் கொடுத்தால் அதே 38 வருமா என்பது ஒரு கேள்வி. வந்தாலும் அது பிள்ளையின் சித்திரத் திறமைக்கு வந்ததா, அல்லது அப்பா வாங்கிக் கொடுத்த புது வாட்டர் கலர் பெட்டிக்கும் ஸ்கேல் வைத்துப் போட்ட பார்டருக்கும் வந்ததா என்பது வேறு கேள்வி. கல்வியியலார் முன்னதை நம்பகத்தன்மை என்றும் பின்னதை ஏற்புடைமை என்றும் சொல்லுவார்கள். இவ்விரண்டு லட்சணங்களும் இல்லாத பரீட்சையில் மதிப்பெண் என்பது பரீட்சகரின் அன்றைய மனோநிலையைத் தெரிவிக்கும் குறிப்பாக மட்டுமே இருக்க முடியும்.

கலை ரசனையைச் சார்ந்தது, ரசனைக்கு ஏது அளவுகோல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுகிறவர்களுக்கு ஒரு பழைய சங்கதியை நினைவூட்டலாம். 1913-இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், க்ஷேத்திரகணித விடைத்தாள் ஒன்றைப் பிரதியெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னபோது, நூற்றுக்கு 30-க்கும் குறைவாகப் போட்டவரும் இருந்தார், 90-க்கும் மேலே போட்டவரும் இருந்தார். விரல் வைத்துக் காட்டும் கணக்குக்கே இந்தக் கதி. ஆனால் அதற்காகக் கணக்குப் பரீட்சையை யாரும் கைவிட்டுவிடவில்லை. எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பழக்கம் வேரூன்றியது. சித்திரத்துக்கும் அதையே செய்யலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைத் தாள் கொடுப்பதற்கு முன்பே நிர்ணயித்து எழுதிவிட வேண்டும். தாளைப் பார்த்த பிறகு கண்டுபிடிக்கும் காரணங்களில் அபிமானம் கலந்துவிடும்.

நம்பகத்தன்மை ஒன்றை மட்டும் வேண்டுகிறவர்களுக்கு வழி எளிது. நார்மன் மெய்யர் என்ற உளவியல் அறிஞர் சகா ஒருவருடன் 1929-இல் வெளியிட்டு, 1940-இல் தாமே திருத்தியமைத்த கலைப் பரீட்சையில் தூரிகைக்கு வேலையே இல்லை. பேர்பெற்ற சித்திரம் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் பிரதியும், அதில் ஏதோ ஓர் அம்சத்தை மட்டும் வேண்டுமென்றே குலைத்த மற்றொரு பிரதியும் பக்கம் பக்கமாக இருக்கும். இரண்டில் மேலானது எது என்று பிள்ளை குறித்தால் போதும். திருத்திய பதிப்பில் இப்படி 100 ஜோடிகள். யார் திருத்தினாலும் அதே மதிப்பெண்தான் வரும். ஆனால் எதிரே இருக்கும் செம்பை வரையத் தெரிந்தவன் யார் என்று அது சொல்லாது. சொல்லுவதாக எடுத்துக்கொண்டால் பிசகு நம்முடையது. நம் ஊரில் இதே பிசகுக்கு வேறு ரூபம். கரும்பலகையில் வாத்தியார் போட்ட மாம்பழத்தை நாற்பது பிள்ளைகளும் நாற்பது மாம்பழங்களாகப் பிரதி செய்கிறார்கள். கொடுத்த கோட்டுருவைப் பிசகாமல் எடுத்தெழுதுவதையே முதற்படியாக வைத்த வெள்ளைக்காரர் காலத்துச் சித்திரக் கல்வியின் பிதிரார்ஜிதம் இது. திருத்துவது சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்க அரசு நடத்தும் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 2008-ஆம் வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு காரியங்களையும் கேட்டார்கள். ஏகோன் ஷீலே, கேத்தே கோல்விட்ஸ் ஆகிய இருவரும் தங்களையே வரைந்துகொண்ட சித்திரங்களைக் காட்டி ஆராயச் சொன்னார்கள். பிறகு, தன் சுபாவத்தைப் பற்றி முக்கியமான ஒன்றைத் தெரிவிக்கும்படி தன் உருவத்தைத் தானே வரையச் சொன்னார்கள். பார்த்ததைச் சொல்லும் திறமைக்கு ஒரு கணக்கும், படைக்கும் திறமைக்கு வேறொரு கணக்குமாக வைத்து, ஒன்றின் குறையை மற்றொன்றால் மூடாமல் விட்டதே அதில் மெச்சத்தக்க விஷயம். சுயவுருவச் சித்திரத்தில் மேல்தரம் எட்டியவர்கள் 100-க்கு 4 பேர்தாம்.

நம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மேல்நிலைச் சித்திரப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70 என்ற பகுப்பு பல ஆண்டுகளாக வழங்குகிறது. கைக்கு முதலிடம் கொடுத்த இந்தப் பகுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். பொருள்களைப் பார்த்து வரைவதற்குரிய 25-ஐ, வரைவுக்கும் அமைப்புக்கும் 10, வர்ணத்தைக் கையாளுவதற்கு 5, மொத்தத் தோற்றத்துக்கு 10 என்று பிரித்திருக்கிறார்களே, அங்கேதான் சந்தேகம் தலையெடுக்கிறது. மொத்தத் தோற்றம் என்ற அந்தப் பத்துக்குள், "பார்த்தாலே தெரியவில்லையா?" என்ற பழைய பதில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடக் கூடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பரீட்சையை எடுத்துக்கொள்வோம். அறை நடுவே முக்காலி. அதன்மேல் ஒரு பித்தளைச் செம்பு, ஒரு கத்தரிக்காய், மடிப்பு விழும்படி விட்ட ஒரு துண்டு. ஜன்னல் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. செம்பைக் கண்மட்டத்துக்குக் கீழே வைத்துப் பார்க்கும்போது அதன் வாய் நீள்வட்டமாகத் தெரியும். அடிப்பாகம் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அங்கே வளைவு வாயின் வளைவைக் காட்டிலும் சற்று உருண்டையாகவே தெரிய வேண்டும். செம்பு முக்காலியின்மேல் சமமாக நிற்கிறது என்பது மனசுக்குத் தெரியும். அதனால் அடியை ஸ்கேல் வைத்தாற்போல நேர்கோடாக இழுத்துவிட்ட பிள்ளை, கண்ணால் கண்டதை வரையவில்லை, மனசு அறிந்ததை வரைந்திருக்கிறது. இந்த ஒன்றை எந்த ஊர் டிராயிங் மாஸ்டரிடம் காட்டினாலும் இருவேறு அபிப்பிராயம் வராது. செம்பின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், நிழல் ஜன்னலுக்கு எதிர்ப்புறம் விழுகிறதா என்பது, காகிதத்தில் பொருள்கள் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளாமல் இடம் பெற்றிருக்கின்றனவா என்பது ஆகியவையும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை வைத்து, ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன என்று ஒரு வாக்கியமாவது எழுதிவிட்டால், ஷேடிங்கின் பளபளப்பில் மயங்கி அடிக்கோட்டை மறந்துவிடும் அபாயம் குறையும். தாளின் பின்புறத்தில் பிள்ளை உட்கார்ந்த இடத்தின் எண்ணையும் குறிக்கச் சொல்ல வேண்டும். முக்காலிக்கு அருகே உட்கார்ந்தவனுக்குச் செம்பின் வாய் அகலத் திறந்து தெரியும். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு அது ஒடுங்கித் தெரியும். எங்கேயிருந்து பார்த்தான் என்று தெரியாமல் சரி, தப்பு என்று சொல்லுவது அநியாயம். வர்ணமும் பென்சிலும் பள்ளிக்கூடமே எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்துவிட்டால் கலர் பெட்டியின் விலை மதிப்பெண்ணில் ஏறாது.

கற்பனைச் சித்திரத்துக்குத் தலைப்பு கொடுப்பதில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். "இயற்கைக் காட்சி" என்று கொடுத்தால், இரண்டு மலைகள், நடுவே உதய சூரியன், ஒரு தென்னை, ஒரு குடிசை, வளைந்து வரும் ஆறு, வானத்தில் நாலைந்து கோணல் கோடுகளாகப் பறவைகள் என்று மனப்பாடச் சித்திரம் வந்து சேரும்; நாம் சோதித்தது கற்பனையை அல்ல, ஞாபகத்தை. "கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறாய்" என்று பார்வைக் கோணத்தையே தலைப்பில் வைத்துவிட்டால், அந்தச் சூரியனுக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவாவது பிள்ளை ஓர் இடம் தேடியாக வேண்டும்.

எழுத்துப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரவிவர்மா பிறந்த வருஷம் 1848 என்று அறிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அது சரித்திர ஞானம். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு படத்தைப் பெயரின்றி அச்சிட்டு, புடைத்த வேலைப்பாட்டையும் தங்க ரேக்கையும் நடுநாயகமாக வீற்றிருக்கும் தெய்வத்தையும் கண்டு இது தஞ்சாவூர்ப் பாணி என்று பிள்ளை சொல்லுகிறதா என்று பார்த்தால், அதுதான் கண்ணுக்கு வைத்த பரீட்சை. விடையையும் நாலு வாக்கியத்துக்கு மேல் கேட்கக் கூடாது; கேட்டால் தமிழ்க் கட்டுரை எழுதத் தெரிந்தவனே சித்திரத்திலும் முதல்வனாகிவிடுவான்.

இனித் திருத்தும் காரியம். பலருடைய தீர்ப்பைக் கொண்டு பிள்ளைகளின் சித்திரங்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தி, அந்த வரிசையின் பக்கத்தில் வைத்துப் புதிய சித்திரத்தை ஒப்பிடும் அளவுகோல் ஒன்றை உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் 1913-இலேயே வெளியிட்டார். சென்ற வருஷத்துத் தாள்களிலிருந்து ஒவ்வொரு தரத்துக்கும் இரண்டு மாதிரிகளை எடுத்து மேஜையில் பரப்பிக்கொண்டு திருத்தினால், முதல் தாளுக்குக் காட்டிய கண்டிப்பும் நாற்பதாம் தாளுக்குக் காட்டும் களைப்பும் ஓரளவு சமனாகும். ஒரு மனிதனிடம் கண்ட ஒரு நல்ல குணம் அவனுடைய மற்றக் குணங்களின் மதிப்பையும் உயர்த்திவிடும் என்று 1920-இல் எடுத்துக் காட்டியவரும் அதே தார்ண்டைக்தான். ஆகையால், வகுப்பில் நன்றாக வரைகிறவன் என்று பேர் வாங்கிய பையனின் பெயரை மடித்து ஒட்டிவிட்டே தாளைத் திருத்த வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் சித்திர ஆசிரியர் ஒருவர்தான், அவருடைய பீரியடையும் பரீட்சைச் சமயத்தில் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளுகிறார் என்பதை நான் அறியாதவன் அல்லன்; அப்படியிருந்தும் பத்துத் தாள்களைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்து மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். இருவருக்கும் நான்கைந்து மதிப்பெண் வித்தியாசப்பட்ட தாள்களை எடுத்து வைத்துப் பேசினால், எழுதி வைத்த எந்த வாக்கியம் தெளிவாக இல்லை என்பது வெளிப்படும், அதைத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரே வருஷாந்தப் பரீட்சையில் எல்லாவற்றையும் நிர்ணயிப்பதையும் விட்டுவிட வேண்டும். உளவியல் அறிஞர்கள் ஸ்பியர்மன், பிரவுன் இருவரும் 1910-இல் தனித்தனியே கண்ட சூத்திரத்தின்படி, ஒரு சித்திரத்தைக் கொண்டு தரும் மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை 0.5 என்றால், அதே ரகமான இரண்டைச் சேர்த்துப் பார்க்கும்போது அது 0.67 ஆகிறது, நான்கைச் சேர்த்தால் 0.8. மூன்று மணி நேரம் ஒரே செம்பை முறைத்துப் பார்க்க வைப்பதற்குப் பதிலாக, ஜூலையில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என்று முக்கால் மணி நேரச் சித்திரங்கள் நான்கை வாங்கித் தேதியிட்டு ஃபைலில் வைத்துக்கொண்டால், பள்ளிக்கு ஆகும் செலவு நாலு தாள்தான்.