வாரினால் இயங்கும் காற்றோட்ட விசிறி

பலர் கூடியிருக்கும் மண்டபத்தில் வளி வெப்பமும் ஈரமும் மிகுந்து கெடுகின்றது. தொழிற்சாலையிலோ அவற்றோடு தூசும் புகையும் சேர்கின்றன. இக்குறையை நீக்கப் பொறியின் உதவியை நாடுதல் புதிய செய்தியன்று. ஜேர்மன் நாட்டறிஞர் அகிரிக்கோலா, 1556ஆம் ஆண்டில் வெளிவந்த தமது சுரங்கவியல் நூலிலே சுரங்கங்களுட் காற்றைச் செலுத்தும் விசிறிகளைப் படங்களுடன் விவரித்துள்ளார். 1730ஆம் ஆண்டுகளில் தெசாகுலியேர் என்பார் அமைத்த கைச்சக்கர விசிறி, பிரித்தானியப் பொதுமக்கள் சபைக்குக் காற்றோட்டம் அளித்தது. அன்று மனிதன் கையாற் சுழற்றியதை இன்று மின்மோட்டர் சுழற்றுகின்றது. அச்சுழற்சியைப் பல விசிறிகளுக்குக் கொண்டு செல்வது வார் ஆகும்.

வாரின் பணி

மோட்டரையும் விசிறியையும் ஒரே தண்டிற் பூட்டினால் இரண்டும் ஒரே வேகத்திற் சுழலும். வாரினால் இணைத்தாலோ, கப்பிகளின் விட்டத்தை மாற்றி வேண்டிய வேகத்தைப் பெறலாம். நிமிடத்திற்கு 1440 முறை சுழலும் மோட்டரில் 150 மிலிமீற்றர்க் கப்பியும், விசிறியில் 300 மிலிமீற்றர்க் கப்பியும் இருப்பின், விசிறி 720 முறை சுழலும். ஆப்பு வடிவான இறப்பர் வார், கப்பியின் பள்ளத்திற் பக்கங்களால் இறுகிப் பற்றுகின்றது; அதன் அடி பள்ளத்தின் அடியைத் தொடலாகாது.

காற்று போதவில்லை என்று கருதி, மோட்டரின் கப்பியை மாத்திரம் 180 மிலிமீற்றராக மாற்றுவோர் உளர். வேகம் 1.2 மடங்காகும், காற்றின் அளவும் 1.2 மடங்காகும். ஆனால் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப 1.44 மடங்காகும், வேண்டிய வலு கனத்திற்கேற்ப ஏறத்தாழ 1.73 மடங்காகும். ஐந்திலொரு பங்கு காற்றை விரும்பியவர் மோட்டரையே எரித்துவிட நேரும். சுழல்வனவற்றைச் சிதறடிக்க முயலும் விசையும் 1.44 மடங்காகுமாதலால், செய்தோர் விதித்த உச்ச வேகத்தை மீறுதல் உயிருக்கே கேடாகும்.

தொடங்குமுன்

முதலாவது விதி, ஆளியால் மின்னை நிறுத்தி, பூட்டிட்டு, சாவியை வேலை செய்பவரே தம்மிடம் வைத்திருத்தல். மின்னை நிறுத்தியதால் மாத்திரம் விசிறி நின்றுவிட்டதாகக் கொள்ளலாகாது. குழாயினூடே வரும் காற்றே அதனை மெல்லச் சுழற்றக்கூடும். ஆகவே கட்டையிட்டு அசையாமற் செய்தல் வேண்டும். மேற்கூறிய மோட்டர்க் கப்பியில் வார் செக்கனுக்கு ஏறத்தாழ 11 மீற்றர் ஓடுகின்றது. வாருக்கும் கப்பிக்கும் இடையில் அகப்பட்ட விரலை இழுத்துக்கொள்ள எவருக்கும் நேரம் இராது. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான பொறிப்பகுதிகளுக்குக் காப்பு வேலி வேண்டுமென விதித்தமை இதுபற்றியே.

பின்னர்க் கூட்டினுள்ளே கருவியோ துணியோ கிடக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். திருகாணிகள் இறுகியுள்ளனவா என்றும், இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்றும் நேர்விளிம்புச் சட்டத்தாலோ இழுத்துப் பிடித்த நூலாலோ சோதித்தல் வேண்டும். கட்டையை நீக்கி, விசிறியைக் கையாற் சுழற்றி, உரசல் இல்லையெனக் கண்டபின், காப்பு வேலியை மீண்டும் பூட்டுதல் வேண்டும்.

தொடக்கம்

முதலில் மோட்டரைக் கணநேரம் இயக்கி நிறுத்தி, சுழலும் திசையை நோக்குதல் வேண்டும். மையநீக்க விசிறி தலைகீழாகச் சுழன்றாலும் காற்று முன்போன்றே வெளிவரும். அளவு மாத்திரம் குறையும். ஆதலால் காற்று வருகின்றதே என்று ஏமாறுதல் எளிது. கூட்டிற் பொறித்த அம்புக்குறியே சான்று. மூவவத்தை மோட்டராயின், மின்னறிந்தவரைக் கொண்டு ஏதேனும் இரு கம்பிகளை இடம் மாற்றினால் திசை மாறும்.

மையநீக்க விசிறியைக் காற்றுக் கதவை மூடியவாறே தொடங்குதல் நன்று. காற்றுச் செல்லாதபோது அது வேண்டும் வலு குறைவு. முழுவேகம் எய்தியபின் கதவை மெல்லத் திறந்து, மின்னோட்டம் மோட்டரின் தகட்டிற் குறித்த அளவை மீறாமற் பார்த்தல் வேண்டும். அச்சுவழி விசிறிக்கோ இவ்விதி பொருந்தாது. கதவு மூடினால் அதன் சுமை கூடும். கனத்த விசிறி வேகம் பெறும்வரை மோட்டர் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்து வெப்பமடைவதால், அடுத்தடுத்து நிறுத்தித் தொடங்குதல் தகாது.

பேணல்

புதிய வார் ஓடத் தொடங்கியதும் சிறிது நீளும். ஆகவே முதல் நாள் ஓட்டத்தின்பின் மின்னைப் பூட்டி, இழுவையைச் சோதித்தல் வேண்டும். கப்பிகளுக்கிடையே ஒரு மீற்றர் நீளமுள்ள வாரை, அதற்கென விதித்த விசையால் நடுவில் அழுத்தும்போது 16 மிலிமீற்றர் தாழ்தல் பொது அளவு. தளர்ந்த வார் வழுக்கிக் கீச்சிட்டு, வெப்பமுற்றுக் கருந்தூள் உதிர்க்கும். மிக இறுகிய வார் போதிகைகளைத் தேய்க்கும். வழுக்கலுக்கு மருந்து பசையோ எண்ணெயோ அன்று, இழுவையைச் சரிசெய்தலே.

பல வார்கள் ஒருங்கே ஓடுமிடத்தில் ஒன்று பழுதாயின் அனைத்தையும் மாற்றுதல் வேண்டும். பழையது நீண்டிருக்குமாதலால், சுமை முழுவதும் புதியதன்மேல் விழும். புதியதைக் கம்பியால் நெம்பி ஏற்றினால் உள்ளிழைகள் அறும். மோட்டரை நகர்த்தித் தளர்த்தியே பூட்டுதல் வேண்டும். போதிகைக்குக் கிறீஸ் குறைவதும் தீது, மிகுவதும் தீது. அளவிறந்த கிறீஸ் கலங்கிச் சூடேறிப் போதிகையைக் கெடுக்கும். அலகுகளிற் படியும் தூசைத் துடையாவிடிற் சமநிலை கெட்டு அதிர்வு பிறக்கும்.

ஒலியும் மணமும் அதிர்வும் பொறியின் மொழியாகும். அம்மொழியை அறிந்தவன் பழுது முற்றுமுன் உணர்வான். எனினும் அறிந்தவனே அஞ்சாது கைநீட்டி ஊறுபடுதல் உலகியல். பூட்டுக்கு ஒரு நிமிடம் செலவிடுதல், அறியாதவனைப் போன்றே அறிந்தவனுக்கும் கடமையாகும்.