பின்பாரம்

ஒரு பெரிய எஸ்யூவியின் பின்புறக் கொக்கியில் 300 கிலோ பாரத்தை மாட்டுகிறோம். பின்சக்கரங்களின் மேல் எத்தனை கிலோ கூடும்? முன்னூறு என்றுதான் யாருக்கும் தோன்றும். எடைமேடையில் நிறுத்திப் பார்த்தால் 420 காட்டும். அந்த 120 கிலோ எங்கிருந்து முளைத்தது? முன்சக்கரங்களைப் போய்க் கேட்க வேண்டும். அங்கே சரியாக 120 கிலோ காணாமல் போயிருக்கும்.

பள்ளிக்கூடத்து நெம்புகோல் கணக்குதான் இது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கி பின் அச்சைத் தாண்டி 1.2 மீட்டர் தள்ளி நீட்டிக்கொண்டிருக்கிறது. கொக்கியை அழுத்தியதும் வண்டி முழுவதும் ஒரு சீசா பலகை ஆகிவிடுகிறது. பின்சக்கரம்தான் அதன் நடுக்கட்டை. 300ஐ 1.2ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 120. பின்னால் அமுங்கியது முன்னால் எழும்புகிறது.

அமெரிக்காவில் கோடை விடுமுறை தொடங்கினால் நெடுஞ்சாலைகளில் இந்தக் காட்சி சகஜம். ஷெவர்லே சபர்பன், ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் போன்ற வண்டிகள், அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் கொண்ட ட்ரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு போகும். ட்ரெய்லர் 2,500 கிலோ என்றால் அதில் சுமார் 300 கிலோ இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்கார்ந்திருக்கும். உடனே வண்டியும் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். மூக்கு வானத்தைப் பார்க்கும்.

அந்த 300 கிலோவைக் குறைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே, ட்ரெய்லரில் இருக்கும் சாமான்களைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினால் போதாதா? மாட்டுவண்டி ஓட்டியவர்களிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே கிளம்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால் மூட்டை ஏற்றும்போதே முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று தள்ளி வைத்துப் பாரம் பார்ப்பார்கள். மாட்டுவண்டியின் வேகத்தில் பின்பாரம் மாட்டுக்கு வேதனை தருவதோடு நிற்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது உயிரை வாங்கிவிடும்.

ஓடும் நடைப்பட்டையின் மேல் பொம்மைக் காரையும் பொம்மை ட்ரெய்லரையும் ஓடவிட்டு இதைச் செய்து காட்டுவார்கள். எடைக்கட்டிகளை ட்ரெய்லரின் முன்பக்கம் வைத்து விரலால் ஒரு தட்டு தட்டினால், இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கிவிடும். அதே கட்டிகளைப் பின்பக்கம் நகர்த்தித் தட்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையும் சுழற்றி எறியும். சாலையில் அந்த விரலின் வேலையைப் பக்கக்காற்றோ கடந்துபோகும் லாரியோ செய்யும். அதனால்தான் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் இந்தப் பங்கு குறைவு. அங்கே கேரவன்கள் எடை குறைந்தவை, வேகக் கட்டுப்பாடும் கடுமையானது; ஜெர்மனியில் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான்.

ஆக, 300 கிலோ இருந்தே தீர வேண்டும். அப்படியானால் வண்டி எவ்வளவு தாழும்? பாரத்தின் அளவுக்கு ஏற்பவே ஸ்பிரிங் அமுங்கும் என்ற விதியை ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1676இல் 14 எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதே என்ற பயம்! 1678இல் அவரே விடையையும் சொன்னார். அவர் விதியை நம் வண்டிக்குப் பொருத்துவோம். இரண்டு பின் ஸ்பிரிங்குகளும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் அமுங்க 7 கிலோ வேண்டும் என்றால், 420 கிலோவுக்கு 60 மில்லிமீட்டர் இறங்கும். முன்பக்கம் மில்லிமீட்டருக்கு 8 கிலோ என்றால், 120 கிலோ குறைந்ததில் 15 மில்லிமீட்டர் எழும்பும். மொத்தச் சாய்வு 3 மீட்டருக்கு 75 மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஹெட்லைட் ஒளி அதே சாய்வில் கிளம்பினால் 40 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் உயர்ந்துவிடும், எதிரே வருகிறவரின் கண்ணுக்கு நேராக.

லாரியின் பட்டை ஸ்பிரிங் இப்படி எளிதில் பணியாது. எஸ்யூவியில் குழந்தைகள் பின்சீட்டில் தூங்க வேண்டும் என்பதற்காகவே மெத்தென்ற சுருள் ஸ்பிரிங்கைப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சொகுசுக்கு இங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

பலரும் முதலில் தேடிப் போவது காற்றுப் பைகளை. சுருள் ஸ்பிரிங்குக்குள் ரப்பர் பையைச் செருகிக் காற்றடித்தால் பின்பக்கம் ஜம்மென்று எழுந்து நிற்கும். இன்னும் சாமர்த்தியமானது நிவோமட் என்ற ஷாக் அப்சார்பர். மின்சாரமும் வேண்டாம், காற்றுக் குழாயும் வேண்டாம். மேடுபள்ளத்தில் வண்டி ஆடும் ஆட்டமே உள்ளே ஒரு குட்டிப் பம்பை இயக்கி, எண்ணெயை உயர் அழுத்த அறைக்கு ஏற்றுகிறது. புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டி தானாக நிமிர்ந்துவிடும். சாலையின் குலுக்கலையே கூலி வாங்காத வேலைக்காரனாக்கிய அந்த மூளையை நினைத்து நான் வியந்ததுண்டு.

ஆனால் நிமிர்ந்த வண்டியை மறுபடி எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். பின்சக்கரங்களில் அதே 420. முன்சக்கரங்களில் அதே 120 கிலோ குறைவு. ஸ்பிரிங்கை எதைக் கொண்டு தாங்கினாலும் நெம்புகோலின் நீளம் மாறவில்லையே! பிரேக் பிடிக்கும்போது பெரும்பகுதி வேலையைச் செய்வதும், ஸ்டியரிங் சொல்வதைக் கேட்பதும் முன்சக்கரங்கள்தான். அவை இன்னும் இலகுவாகத்தான் இருக்கின்றன, பார்வைக்கு மட்டும் வண்டி ஒழுங்காகிவிட்டது. பின்பக்கம் உட்காருவதை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முன்சக்கரங்கள் இழந்த பாரத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமானால் எதிர்த்திசையில் இன்னொரு நெம்புகோல் வேண்டும். எஸ்யூவியின் பின்னால் இரண்டு நீளமான கைப்பிடிகளைச் செருகி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தூக்குவதுபோல் மேல்நோக்கித் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் எழும்பும், முன்பக்கம் தரையில் அழுந்தும். பாரம் பகிரும் ஹிட்ச் என்ற கருவி இதைத்தான் செய்கிறது. கொக்கியிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் பின்னோக்கி நீண்டு, ட்ரெய்லரின் சட்டத்தோடு சங்கிலியால் இறுக்கப்படுகின்றன. வளைந்த கம்பிகள் நிமிரத் துடிக்கும் அந்த விசைதான் கைப்பிடியைத் தூக்கும் கை.

ட்ரெய்லரின் அச்சு கொக்கிக்கு 5 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று கொண்டு கணக்குப் போட்டேன். முன்சக்கரங்கள் இழந்த 120இல் பாதியை மீட்கும் அளவுக்குக் கம்பியை இறுக்கினால், பின் அச்சில் கூடும் எடை 420இலிருந்து சுமார் 331 ஆகிறது. 60 கிலோ முன்னே திரும்புகிறது, 29 கிலோ ட்ரெய்லரின் சொந்தச் சக்கரங்களுக்குப் போகிறது. ஒரு கிலோவைக்கூட இறக்கி வைக்காமல் இத்தனையும்!

எவ்வளவு மீட்க வேண்டும் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். சில வண்டிகளுக்கு இந்த ஹிட்சே கூடாது என்றும் சொல்லும். தானாக உயரம் சரிசெய்யும் சஸ்பென்ஷன் இருந்தால் அதுவும் கம்பியும் ஒன்றையொன்று எதிர்த்து மல்லுக்கு நிற்கும். உயரத்தைச் சரிசெய்வதா, கம்பியை இறுக்குவதா, எதை முதலில் செய்வது என்பதற்கும் கையேடுதான் துணை. அமெரிக்காவில் லாரிகள் நிற்கும் நிலையங்களில் அச்சு வாரியாக எடை காட்டும் மேடைகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் தையல்காரரின் டேப் போதும். அளக்க வேண்டியது முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உயரத்தை. ட்ரெய்லர் மாட்டுவதற்கு முன் 900 மில்லிமீட்டர், மாட்டியபின் 915, கம்பியை இறுக்கியபின் 907 அல்லது 908.

பின்பக்கம் அப்போதும் நாலைந்து சென்டிமீட்டர் தாழ்ந்துதான் இருக்கும். அதைப் பார்த்ததும் சங்கிலியில் இன்னொரு கண்ணியை ஏற்றி இறுக்கக் கை பரபரக்கும். அப்படி மேலும் மேலும் இறுக்கினால் பின்சக்கரங்கள் அளவுக்கு மீறி இலகுவாகி, ஈரச்சாலையின் திருப்பத்தில் வண்டியின் வால் வெளியே வீசிவிடும். அந்த நாலைந்து சென்டிமீட்டர் கண்ணை உறுத்தினால், கையேடு அனுமதிக்கும் அளவுக்குக் காற்றுப் பையில் கொஞ்சம் காற்றடித்துக்கொள்ளலாம்.