'9999 இன் 1' கேசட்டில் உண்மையில் எத்தனை கேம் இருந்தது?

ஆன்லைன் கடைகளில் '400 இன் 1' என்று உள்ளங்கை அளவில் ஒரு கேம் பெட்டி விற்கிறது. ஆன் செய்தால் மாரியோ, காண்ட்ரா, டாங்க் என்று எல்லாம் பழைய முகங்கள். 90-களில் டிவி கேம் ஆடி வளர்ந்து, இன்று ஐடி கம்பெனியில் இருப்பவர்கள் இதை ஆசையாக வாங்குகிறார்கள். கூடவே ஒரு பழைய சந்தேகமும் வருகிறது. அந்தக் காலத்து மஞ்சள் கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருந்தானே, அது மொத்தமும் டூப்தானா?

ஆமாம், டூப்தான். ஆனால் உண்மையான நஷ்டம் அந்த எண்ணிக்கையில் இல்லை.

குமரி மாவட்டத்தில் இராஜாக்கமங்கலம் மாதிரியான கடலோர ஊர்களுக்கு இந்தப் பெட்டி வந்தது இரண்டு வழியில். ஒன்று, வளைகுடாவில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ லீவுக்கு வரும்போது கொண்டுவந்த பெட்டிக்குள். இன்னொன்று, நாகர்கோவில் ஃபேன்சி கடை. சவேரியார் கோவில் திருவிழாவுக்கும் சுசீந்திரம் தேரோட்டத்துக்கும் கையில் சேர்ந்த காசையெல்லாம் எண்ணிப் பார்த்து, அப்பாவிடம் மிச்சத்துக்கு அழுது வாங்கியதாக இருக்கும். வீட்டில் இருந்த சாலிடேர், டயனோரா டிவியில் சேனல் தேடி டியூன் செய்தால் படம் வரும். மெனுவில் 9999 வரிகள். முதல் ஏழெட்டு கேமுக்கு மேல் எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.

எப்படிச் செய்தார்கள்?

தந்திரம் ரொம்பச் சின்னது. மெனுவில் ஒரு வரியை அமுக்கியதும், அது மெமரியில் ஒரு எண்ணை எழுதிவிட்டு கேமைத் திறக்கும். 'இந்த ஆட்டத்தை மூன்றாவது ஸ்டேஜில் தொடங்கு', 'இதில் 30 லைஃப் கொடு' என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். மாரியோ ஒன்றுதான், தொடங்கும் இடம் மட்டும் வேறு. பெயரையும் மாற்றிவிட்டால் புது கேம் ரெடி. 1985-ல் வந்த 'பேட்டில் சிட்டி'யைக் கொஞ்சம் திருத்தி 'டாங்க் 1990' என்று விற்றதும் இதே சரக்குதான்.

ஒரு கேசட்டில் அசல் கேம் ஏழு என்று வையுங்கள். 9999 வரியை நிரப்ப ஒவ்வொன்றும் சுமார் 1,428 முறை திரும்ப வர வேண்டும். வரிக்கு 20 நொடி வீதம் சரிபார்க்க உட்கார்ந்தால் 55 மணி நேரம் ஆகும். எந்தப் பிள்ளை சரிபார்க்கும்? விற்றவருக்கும் அது தெரிந்துதான் இருக்கும்.

பெட்டிக்குள் இருந்தது என்ன?

ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு. இந்தியாவில் மீடியா, சாமுராய், லிட்டில் மாஸ்டர், பிறகு மிதாஷி. ரஷ்யாவில் 1992-லிருந்து டெண்டி. சீனாவில் சுபோர்; அதன் விளம்பரத்தில் ஜாக்கி சான் நடித்தார். பெரும்பாலும் எல்லாமே ஜப்பானின் நிண்டெண்டோ 1983 ஜூலை 15-ல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' கருவியின் நகல்கள். காலம் போகப் போக மொத்தக் கருவியையும் ஒரே சிப்பில் அடக்கி, மேலே கறுப்புப் பசைச் சொட்டு வைத்து, தைவானிலும் சீனாவிலும் மலிவாகச் செய்து தள்ளினார்கள். பிளேஸ்டேஷன் 1994-லேயே ஜப்பானில் வந்துவிட்டது. இங்கே அதற்குப் பிறகும் பல வருடம் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தது 1983 மாடல் இயந்திரத்தை.

அது மட்டமான இயந்திரம் அல்ல என்பதுதான் கொடுமை. ஃபேமிகாமின் பெரிய கேம்கள் பிற்பாடு வந்தவை: 1986-ல் செல்டா, 1987-ல் ஃபைனல் ஃபேண்டசி, 1988-ல் மாரியோ 3, 1993-ல் கிர்பி. நகல் கேசட்காரர்கள் பொறுக்கி எடுத்ததோ பெரும்பாலும் 1984, 85 வாக்கில் வந்த சின்ன கேம்களை. காரணம் காசு. முதல் மாரியோ வெறும் 40 கேபி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிதாக இருக்கும். மாரியோ 3 வேண்டும் என்றால் 384 கேபி, கூடவே ஒரு தனி சிப். ஃபைனல் ஃபேண்டசி மாதிரி பல நாள் ஆடும் கேமுக்கு, விட்ட இடத்தைச் சேமிக்க கேசட்டுக்குள் பேட்டரியும் வேண்டும். அந்தச் செலவை எவன் செய்வான்? கதை கேம்களில் படிக்க வேண்டிய வசனமும் ஏராளம். சுட்டுக்கொண்டும் குதித்துக்கொண்டும் போகிற கேமை எந்த மொழிக்காரனுக்கும் அப்படியே விற்கலாம்.

விளைவு, அந்த இயந்திரத்தின் முதல் இரண்டு மூன்று வருடம்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைத்தது. தனி கேசட்டாக காண்ட்ராவும் டபுள் டிராகனும் வந்தது கொஞ்சம் ஆறுதல். ஆனால் ஒரு கதையை ஒரு மாதம் தொடர்ந்து ஆடுவது, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடங்குவது என்பதெல்லாம் தெரியாமலே போனது. சாரல் மழையில் தென்னை ஓலை கம்பியில் விழுந்து கரண்ட் போனால், ஆறாவது உலகம் வரை போன மாரியோ திரும்பவும் முதல் உலகத்தில் நிற்பார்.

ஊதினால் ஓடியதே, அது எப்படி?

"எடுத்து ஊதிட்டுப் போடுலே மக்கா" என்பதுதான் அன்றைய ஒரே சர்வீஸ். படம் வந்தது ஊதியதால் அல்ல. கழற்றி மறுபடி சொருகும்போது செம்புத் தொடுமுனைகள் உரசிச் சரியாகப் பொருந்தியதால். வாயிலிருந்து போகும் ஈரம் அந்த முனைகளை அரிக்கும் என்று ஊத வேண்டாமென நிண்டெண்டோவே சொன்னது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று வேறு. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்தவர்கள்தான் விவரமானவர்கள்.

பழைய பெட்டி இன்னும் பரணில் இருந்தால், தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து முயன்று பார்க்கலாம். ஆனால் வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் புது டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று பார்த்தால்தான் வாத்து விழும். குண்டு பல்பைக் குறிபார்த்து ஏமாற்ற முடியாதது இதனால்தான். இந்தக் கணக்கு பழைய பிக்சர் டியூப் டிவிக்காகப் போட்டது. எல்இடி டிவியில் படம் சற்றுத் தாமதமாக வரும். வெளிச்சம் வருவதற்குள் சென்சார் பார்க்கும் நேரம் முடிந்துவிடும்.

ஆன்லைனில் வாங்குவதற்கு முன் ஒன்று. ஃபேமிகாம் கருவிக்கான காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. அதே மாதிரி பெட்டி செய்வதில் இன்று பெரிய வழக்கு இல்லை. கேம்களின் பதிப்புரிமை மட்டும் அப்படியே இருக்கிறது. மாரியோவை உரிமம் இல்லாமல் ஏற்றி விற்கும் '400 இன் 1' அன்றைய மஞ்சள் கேசட்டைப் போலவே திருட்டுச் சரக்குதான். 400-லும் ஒரே கேம் வெவ்வேறு பெயரில் வரக்கூடும்.